வாசலில் தடுத்ததற்குச் சாட்சி யார்?

பழவங்காடி கணபதி கோயில் முன்னால் தேங்காய் உடைகிற சத்தம் காலையிலேயே தொடங்கிவிடும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள், வழக்கு வாய்தாவுக்குப் போகிறவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு காய் உடைத்துவிட்டு நகர்வார்கள். அந்தச் சத்தம் எட்டுகிற தூரத்தில்தான் திருவனந்தபுரத்தின் பழைய வியாபார வட்டாரம் இருக்கிறது. ஓவர்பிரிட்ஜிலிருந்து கிழக்கேகோட்டை வரை துணிக்கடைகள், நகைக்கடைகள். அதைத் தாண்டினால் சாலைக் கம்போளம். காலை ஒன்பது மணிவாக்கில் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து ஒரு கூட்டம் வேகநடையில் வரும். பாறசாலை, குழித்துறை, இரணியல் பக்கமிருந்து வருகிற, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற பெண்கள். பின்வாசலில் வருகையைப் பதிந்து, யூனிஃபார்ம் சேலைக்கு மாறி, இரவு கடை அடைக்கும்வரை நின்றபடியே சேலை விரித்துக் காட்டுகிறவர்கள்.

அவர்களில் ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். இன்னார் என்று சுட்ட முடியாத ஒருத்தி. இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடப்பதை ஓர் ஆளாக்கிப் பார்க்கிறேன். பட்டுச்சேலைப் பிரிவில் ஆறு வருடம். கால் நரம்பு சுருண்டு வலி வந்ததும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் கேட்டாள். கிடைக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன மனுவில் அவளும் கையெழுத்துப் போட்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பின்வாசலில் நின்ற காவலாளி குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: “சேச்சி, இன்னு முதல் கேற்றண்டா என்னா பறஞ்ஞது.” இன்றிலிருந்து உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. யார் சொன்னது, ஏன் சொன்னார்கள் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அவளுடைய கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை.

பிறகு விசாரணை என்று வந்தால் கடைத் தரப்பு என்ன சொல்லும் என்பதை இந்த வட்டாரத்தில் வேலை பார்த்த எவரும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். “நாங்கள் யாரையும் நிறுத்தவில்லை. அவளாகத்தான் வராமல் நின்றுகொண்டாள்.”

பணிநீக்க வழக்குகளைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக நோக்கத்திலிருந்து தொடங்குகிறோம். முதலாளி பெண் என்பதால் செய்தாரா, சாதியால் செய்தாரா, சங்கத்தில் சேர்ந்ததால் செய்தாரா என்று. ஆனால் வேலை இழந்தவர் மெய்ப்பிக்க வேண்டிய முதல் விஷயம் அதைவிடச் சாதாரணமானது: தன்னை நிறுத்தினார்கள் என்பதையே அவர் நிலைநாட்ட வேண்டியிருக்கிறது. அங்கே தோற்றவர்களுக்கு மீதி எதுவும் தேவைப்படுவதில்லை.

ஒரு காலத்தில் பாகுபாடு காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களுக்கு முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்பது நிறுவனத்தின் விதியாகவே அச்சில் இருந்தது. 1981-இல் நர்கீஸ் மீர்ஸா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ராணுவச் செவிலியர் பணியில் இருந்த லெப்டினன்ட் செலினா ஜான் 1988-இல் விடுவிக்கப்பட்டபோது, திருமணம் செய்துகொண்டதும் ஒரு காரணமாக உத்தரவிலேயே குறிப்பிடப்பட்டது. 1977-ஆம் ஆண்டின் ராணுவ அறிவுறுத்தல் ஒன்று அதற்கு இடம் கொடுத்தது. அந்த அறிவுறுத்தல் 1995-இல் திரும்பப் பெறப்பட்டது. அவருக்கு நியாயம் கிடைக்க 2024 பிப்ரவரி வரை ஆனது. திருமணத்தைக் காரணம் காட்டிப் பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். 36 வருடம் பிடித்த வழக்குதான். ஆனாலும் காரணம் எது என்ற கேள்வி அதில் எழவில்லை, அது எழுதப்பட்டிருந்தது.

இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கிற வழக்கு ஆட்ரி டி’கோஸ்டாவினுடையது. மக்கின்னன் மக்கென்ஸி என்ற கப்பல் நிறுவனத்தில் அவர் சுருக்கெழுத்தாளர். 1977 ஜூன் 13 அன்று வேலை போனது. வேலை போன பிறகுதான் சம ஊதியச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டார். ஆண் சுருக்கெழுத்தாளர்களும் நானும் ஒரே வேலையைச் செய்தோம், எனக்குக் குறைந்த சம்பளம் தந்தீர்கள் என்றார். நிறுவனத்தின் பதில் சாமர்த்தியமானது. மேலதிகாரிகளுக்கான அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர் பணியில் பெண்கள் மட்டுமே இருக்கிறார்கள், ஆண்களே இல்லாத பதவியில் எப்படிப் பாகுபாடு வரும் என்று கேட்டது. 1987 மார்ச் 26 அன்று நீதிபதி வெங்கடராமையா அந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்த இடத்தில் பெண்கள் மட்டும் இருப்பது நிர்வாகம் அப்படி அமர்த்தியதால்தான், பார்க்க வேண்டியது இருவரும் செய்த வேலை ஒரே தன்மையுள்ளதா என்பதை என்றார். அந்த வழக்கில் ஜெயித்தது ஒப்பீடு. நிர்வாகத்தின் மனதுக்குள் புகுந்து பார்க்க ஆட்ரிக்கு அவசியமே ஏற்படவில்லை. நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் அவருக்குச் சாட்சி சொன்னது.

இன்று அப்படி எழுதி வைக்கிறவர்கள் குறைவு. விதி காகிதத்தை விட்டு வாய்ச்சொல்லுக்குப் போய்விட்டது. மேனேஜர் சூப்பர்வைசரிடம் சொல்கிறார், சூப்பர்வைசர் காவலாளியிடம் சொல்கிறார். அந்தச் சங்கிலியின் கடைசி ஆளுக்கும் வேலை முக்கியம். அவர் கூண்டேறிச் சாட்சி சொல்ல மாட்டார்.

இதோடு சட்டம் வைக்கிற சுமையும் சேர்ந்துகொள்கிறது. தொழில் தகராறு வழக்கில் பழிவாங்கல் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எந்தத் தேதியில், யார், எதற்காக என்ற விவரத்தோடு சொல்ல வேண்டும், பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது என்று 1976-இல் பாரத் அயர்ன் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, கேமரா பதிவு, மேனேஜரின் மின்னஞ்சல் எல்லாம் எதிர்த்தரப்பின் அலமாரியில் இருக்கும்போது, அந்த விவரத்தைச் சொல்லும் பொறுப்பு அலமாரிச் சாவி இல்லாதவர் தலையில் ஏறுகிறது.

அதே உச்ச நீதிமன்றம் வேறொரு வழியையும் திறந்து வைத்திருந்தது. 1961 புத்தாண்டு தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வழக்கமான விடுமுறை வீணாகிறதே என்று மறுநாள் விடுப்புக் கேட்டு, கிடைக்காமல், வேலைக்கு வராமல் நின்ற 11 பேரை ஹிந்த் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனம் வேலையை விட்டே அனுப்பியது. ஒருநாள் வராததற்கு நியாயமான எந்த முதலாளியும் கொடுக்காத தண்டனை கொடுக்கப்பட்டால், அந்த மிகுதியே பழிவாங்கலுக்கு அடையாளம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையில் உள்ள இடைவெளியும் ஒரு சாட்சி.

இத்தகைய இடைவெளிகளைத் தேடுவதுதான் இந்த வழக்குகளின் வேலை. பஞ்சாப் அண்ட் சிந்த் வங்கியில் இந்தூர்க் கிளையின் தலைமை மேலாளராக இருந்த துர்கேஷ் குவர், மதுக் குத்தகைதாரர்களின் கணக்குகளில் நடந்த முறைகேடுகளை மேலிடத்துக்கு எழுதினார். 2017 டிசம்பரில் ஜபல்பூர் மாவட்டத்தில் சர்சவா என்ற ஊருக்கு மாற்றினார்கள். மேலதிகாரி மேல் பாலியல் தொல்லைப் புகாரும் கொடுத்திருந்தார். நிர்வாக வசதிக்கான சாதாரண மாறுதல் என்றது வங்கி. சர்சவாவில் இருந்த பதவியோ முதல் நிலை அதிகாரிக்கானது. அவர் நான்காம் நிலை. நிர்வாக வசதிக்காகத் தலைமை மேலாளரைக் கடைநிலை அதிகாரியின் நாற்காலியில் உட்கார வைப்பார்களா? அந்த மாறுதல் பழிவாங்கும் நடவடிக்கைதான் என்று 2020 பிப்ரவரி 25 அன்று முடிவு செய்து, அவரை இந்தூருக்கே திருப்பி அனுப்பியது உச்ச நீதிமன்றம். அங்கேயும் யாருடைய வாக்குமூலமும் கிடைக்கவில்லை. வங்கியின் பதவி அட்டவணையும் மாறுதல் உத்தரவும் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றன.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து மெக்கானிக் பெர்சி கிரீன், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டங்களில் முன்னால் நின்றவர். ஆட்குறைப்பில் அவரை வெளியே அனுப்பிய மக்டானல் டக்ளஸ் விமான நிறுவனம், பிறகு மெக்கானிக்குகள் தேவை என்று விளம்பரம் செய்தபோது அவரை எடுக்கவில்லை. 1973-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவருடைய வழக்கில் ஒரு முறையை வகுத்தது. தொழிலாளி மேலோட்டமாகச் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது என்று காட்டினால் போதும். உடனே நிர்வாகம் தன் காரணத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் வெறும் சாக்கு என்று காட்டத் தொழிலாளிக்கு மறுபடியும் வாய்ப்பு வரும். பிரிட்டன் 2010-இன் சமத்துவச் சட்டத்தில் இன்னும் ஒரு படி போய், சந்தேகம் எழுந்துவிட்டால் பாகுபாடு காட்டவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையே முதலாளியிடம் மாற்றியது. இந்தியாவில் தனியார் வேலைக்கென்று அப்படிப் பொதுவான பாகுபாட்டுத் தடைச் சட்டம் இல்லை. சம ஊதியத்துக்கு ஒன்று, மகப்பேற்றுக்கு ஒன்று, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஒன்று, திருநர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. ஸ்டூல் கேட்டதால் வேலை போனவள் இவற்றில் எதற்குள்ளும் வரமாட்டாள்.

அவளுக்கு உட்காரும் உரிமை இருக்கிறது. அது எப்படிக் கிடைத்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கோழிக்கோட்டில் தையல் வேலை செய்துகொண்டிருந்த விஜி, மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது என்பதிலிருந்து தொடங்கிப் ‘பெண்கூட்டு’ அமைப்பை உருவாக்கினார். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் சமாளித்துச் சிறுநீரகத் தொற்று வாங்கிக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள். அடுத்த கோரிக்கை நாற்காலி. ‘இரிக்கல் சமரம்’ என்று மலையாளத்தில் அதற்குப் பெயரே வந்தது. 2014 டிசம்பர் கடைசியில் திருச்சூரின் பெரிய சேலைக்கடை ஒன்றில் சங்கத்தில் சேர்ந்த ஆறு பெண்களை வேறு ஊர்க் கிளைகளுக்கு மாற்றி உத்தரவு வந்தது. குறைந்த சம்பளத்தில் குடும்பத்தை விட்டு வேறு ஊருக்குப் போ என்றால் வேலையை விடு என்றுதான் அர்த்தம். அவர்கள் கடை வாசலில் உட்கார்ந்தார்கள். 100 நாளைத் தாண்டியது அந்தப் போராட்டம். 2018-இல் கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. 2021-இல் தமிழ்நாடும் தன் கடைகள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ரங்கநாதன் தெருவில் நிற்கிற பெண்களுக்கும் அந்த ஆறு பேரின் போராட்டம்தான் ஸ்டூல் வாங்கிக் கொடுத்தது.

ஆனால் ஸ்டூலைக் கேட்டதற்காக விரட்டினால் என்ன என்பதை அந்தத் திருத்தம் பேசவில்லை. அதற்குப் பழைய 18-ஆம் பிரிவுக்குத்தான் போக வேண்டும். கேரளத்தின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை, நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். இந்தப் பிரிவின் அருமையை நம் சங்கங்கள்கூடப் போதுமான அளவு பயன்படுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை. இதில் துவேஷத்தை நிரூபிக்கச் சொல்லி அவளை யாரும் கேட்பதில்லை. காரணத்தைச் சொல் என்று கடையைக் கேட்கிறார்கள். ‘உன் நோக்கம் கெட்டது’ என்று குற்றம் சாட்டும் வழக்கைவிட, ‘உன் காரணம் எது’ என்று கேட்கும் வழக்கு எளியவர்களுக்குத் தோதானது. காரணம் சொல்ல வேண்டி வந்தால் அது மாறும். முதலில் வியாபாரம் மந்தம் என்பார்கள், அடுத்த வாய்தாவில் ஒழுங்கீனம் என்பார்கள். மாறுகிற காரணம் தானாகவே சந்தேகத்தைக் கொண்டுவரும்.

அதனால்தான் கடைத் தரப்பு 18-ஆம் பிரிவுக்குள் நுழையவே விரும்புவதில்லை. நீக்கியதாக ஒப்புக்கொண்டால்தானே காரணம் சொல்ல வேண்டும்? அவளாக நின்றுகொண்டாள் என்றால் கதை முடிந்தது. இதற்கும் ஒரு பதில் சட்டத்தில் உண்டு. ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆலையில் டி.கே. யாதவ் என்ற தொழிலாளி 1980 டிசம்பரில் எட்டு நாளுக்கு மேல் வரவில்லை, ஆகவே நிலையாணைப்படி வேலை தானாகப் போய்விட்டது என்றது நிர்வாகம். நான் தினமும் வந்தேன், கேட்டில் விடவில்லை என்றார் அவர். நம் பழவங்காடிப் பெண் சொல்வதும் அதுதான். 1993-இல் உச்ச நீதிமன்றம், விசாரணை வைக்காமல், அவர் தரப்பைக் கேட்காமல் ஒருவரின் பிழைப்பை முடிக்க முடியாது என்று சொல்லி, பாதிப் பின்சம்பளத்தோடு அவரை மறுபடி வேலையில் அமர்த்தியது. வேலையைக் கைவிட்டது என்பது மனதின் முடிவு. வராமல் இருந்த நாட்களை மட்டும் எண்ணி அதைத் தீர்மானிக்க முடியாது என்பது அதற்கு முன்பே 1979-இல் ஜி.டி. லாட் வழக்கில் சொல்லப்பட்டிருந்தது.

இனி அவளுடைய பையைத் திறந்து பார்ப்போம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர். கடை பெயர் போட்ட அடையாள அட்டை, ரிப்பன் அழுக்கேறியது. இ.எஸ்.ஐ. அட்டை. வங்கி பாஸ்புக்: மாதா மாதம் கடை நிறுவனத்தின் பெயரிலிருந்து சம்பளம் ஏறிய வரிகள். ஓணத்துக்குக் கொடுத்த போனஸ் கவர், வெளியில் பேனாவால் அவள் பெயர். நியமன உத்தரவு கிடையாது. முதல்நாள் இரண்டு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியது மட்டும் நினைவிருக்கிறது. அந்தத் தாள்களில் ஒன்று ராஜினாமாக் கடிதமாகத் திரும்பி வரலாம் என்பதை இப்போதே வக்கீலிடம் சொல்லிவிட வேண்டும்.

செல்போனில் பி.எஃப். கணக்கைத் திறந்தால் எந்த மாதம் வரை பணம் கட்டப்பட்டது என்று தெரியும். வேலையை விட்ட தேதியாக நிறுவனம் எதைப் பதிந்திருக்கிறது என்பதும் தெரியும். அந்தத் தேதி அவளைத் தடுத்த திங்கட்கிழமைக்கு முந்தைய நாளாக இருந்தால், அவளாக வராமல் நின்றாள் என்ற வாதத்தில் அங்கேயே ஓட்டை விழும். அவள் வருவாளா மாட்டாளா என்று தெரிவதற்கு முன்பே கணக்கை முடித்தது எப்படி? அடுத்து வாட்ஸ்அப். பட்டுச்சேலைப் பிரிவின் குழுவிலிருந்து சூப்பர்வைசர் அவளை நீக்கியதற்கு ஒரு சின்னச் சாம்பல் நிற வரி இருக்கிறது. காலை மணி எட்டு ஐம்பது. அவள் அப்போது ரயிலில் இருந்தாள். அன்றைய டிக்கெட்டும் கவரில் கிடக்கிறது.

அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் போனை மாற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். மின்னணு ஆவணத்தின் நகலைக் காட்ட முறையான சான்றிதழ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் திட்டவட்டமாகச் சொன்னது, அன்வர் என்ற கேரள அரசியல்வாதியின் தேர்தல் வழக்கில். மூலக் கருவியையே நீதிமன்றத்தில் வைத்தால் அந்தச் சான்றிதழ் தேவைப்படாது. தொழிலாளர் நீதிமன்றங்கள் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்ற வேண்டியதில்லை என்றாலும், சந்தேகம் கிளப்ப எதிர்த்தரப்புக்கு இடம் கொடுக்கக் கூடாது. கீறல் விழுந்த அந்தப் பழைய போன் அவளுடைய நகையைப் போல; அதை எக்ஸ்சேஞ்சில் போடக் கூடாது.

பாதிக்குமேல் காகிதம் கடையில் இருக்கிறது என்பது உண்மை. அதைக் கேட்டு வாங்கலாம். வருடத்தில் 240 நாள் வேலை செய்ததைத் தொழிலாளிதான் காட்ட வேண்டும் என்ற கடுமையான நிலையை, 2005-இல் எல்லட்டி வழக்கு சற்றுத் தளர்த்தியது. தொழிலாளி கூண்டேறிச் சத்தியம் செய்து, பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கலாம். நிர்வாகம் எதைக் கொண்டுவருகிறது, எதைக் கொண்டுவரவில்லை என்பதை வைத்து நீதிமன்றம் முடிவெடுக்கலாம். கேட்காமல் விட்டால் அந்த வாய்ப்பு இல்லை. மனுவில் அவளோடு கையெழுத்துப் போட்ட மற்றவர்களின் பதிவேட்டையும் கேட்க வேண்டும். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு, அவர்களில் ஐந்து பேர் மூன்று மாதத்துக்குள் ‘தாங்களாக நின்றுகொண்டார்கள்’ என்றால், அந்த எண்ணிக்கை பேசும்.

நம் சட்டங்களில் இரண்டு இடங்களில் மட்டும் காலமே சாட்சியாக வைக்கப்பட்டிருக்கிறது. 1961-இன் மகப்பேற்று நலச் சட்டம், பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்தக் காலத்தில் நீக்குவதையே சட்டவிரோதம் என்றது. 1947-இன் தொழில் தகராறுகள் சட்டத்தில் 33-ஆம் பிரிவு, தகராறு நிலுவையில் இருக்கும்போது அனுமதியோ ஒப்புதலோ இல்லாமல் தொழிலாளியை நீக்கக் கூடாது என்றது. ஒப்புதல் பெறாத நீக்கம் செல்லாது என்று 2002-இல் அரசியல் சாசன அமர்வு தீர்த்துச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. சமரச அதிகாரியிடம் போவதற்கான காலக்கெடு மட்டும் அதில் இரண்டு வருடம். இந்த இரண்டு இடத்திலும் நோக்கம் என்ன என்ற ஆராய்ச்சி கிடையாது. தேதியைப் பார்த்தால் போதும்.

இருக்கை கேட்டு, கழிப்பறை கேட்டு, சம்பளச் சீட்டுக் கேட்டு மனுக் கொடுத்த கடைத் தொழிலாளிக்கும் அதுபோல ஒரு காலவேலி வேண்டும். மனு பதிவான நாளிலிருந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ, அதற்குள் அவர் எந்த வகையில் வேலையை விட்டுப் போனாலும் தொழிலாளர் அதிகாரி முன்னால் காரணம் காட்டும் பொறுப்பு கடையுடையது என்று கேரளக் கடைகள் சட்டத்தில் இருக்கை தருகிற பிரிவோடு நாலு வரி சேர்த்தால் போதும். உரிமையைக் கொடுத்த சட்டம் அதைக் கேட்டவளைப் பாதுகாக்காமல் விட்டால், ஸ்டூல் ஆய்வாளர் வருகிற அன்றைக்கு மட்டும் குடோனிலிருந்து வெளியே வரும்.

சட்டம் மாறுகிற வரை அவள் காத்திருக்க முடியாது. காவலாளி தடுத்த அன்று மாலைக்குள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கோடு போட்ட ஒரு தாளில், தமிழிலோ மலையாளத்திலோ, நாலே வரி: இன்று காலை ஒன்பதே காலுக்கு வேலைக்கு வந்தேன்; பின்வாசலில் உள்ளே விடவில்லை; நான் வேலையை விடவில்லை, நாளையும் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்; நிறுத்தியிருந்தால் காரணத்தை எழுத்தில் தரவும். கீழே தேதி, கையெழுத்து. தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஸ்பீட் போஸ்ட்டில் கடை முகவரிக்கு ஒன்று, மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒன்று. அதன் பிறகு யாராவது ‘அவளாக நின்றுகொண்டாள்’ என்று சொன்னால், அந்தப் பேச்சுக்கு முந்தைய தேதியில் இந்தக் கடிதம் நிற்கும். தபால் நிலையக் கவுன்டரில் கொடுக்கிற ரசீதில் மை சீக்கிரம் மங்கிவிடும். அதனால் ஒரு நகல் எடுத்து, இரண்டையும் ஜிப் கவருக்குள், ரயில் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் ஊருக்குத் திரும்பும் வண்டியைப் பிடிக்கத் தம்பானூருக்கு நடக்கலாம்.